மூன்றாவது தட்டு

"அம்மா, அப்பா மேல நீ கோவமா இருக்குற அன்னைக்கு மட்டும் சாப்பாடு ஏம்மா இவ்ளோ நல்லா இருக்கு?"

இதைக் கேட்டபோது மகளுக்கு ஐந்து வயது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா, "பேசாம சாப்பிடு" என்றாள். குழந்தை சொன்னது அப்படியே உண்மை. கோபம் வந்தால் சிலர் கதவை அறைந்து சாத்துவார்கள். சிலர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்காருவார்கள். இவள் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

அந்தக் கணக்கில் பார்த்தால், அவர்களுடைய பத்தாவது கல்யாண நாளன்று அந்த வீட்டில் வெந்த இறாலுக்கு இணையாக இன்னொன்று இருந்திருக்க முடியாது. அவ்வளவு கோபம்.

அவளை எல்லோரும் மின்னல் என்று கூப்பிட்டார்கள். இறால் உரிக்கும் கூடத்தில் கூட வேலை செய்த பெண்கள் வைத்த பெயர் அது. ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகில் சிறு கத்தியால் கீறி, கறுப்பு நரம்பை உருவிப் போட மற்றவர்களுக்கு ஒரு முழு மூச்சு நேரமாகும். இவள் கண் இமைப்பதற்குள் அடுத்த இறாலுக்குப் போயிருப்பாள். கணவன் பேருந்து ஓட்டுநர். பத்து வருஷமாக ஊருக்குள் ஓடும் வண்டியில் இருந்தவனை, வருகிற திங்கட்கிழமையிலிருந்து வெளியூர் வண்டிக்கு மாற்றியிருந்தார்கள். இனிமேல் வாரத்தில் ஒரு நாள்தான் வீடு.

அவன் போவதற்குள் அவனிடமிருந்து அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் மகளுக்குக் காய்ச்சல். கூடத்தில் லீவு கேட்டுக் கிடைக்காமல், கீழ்வீட்டுத் தையற்காரம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டு மின்னல் வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தால் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நடுவில் நாத்தனார், கணவனின் அக்கா. அவளும் அதே கூடத்தில் எதிர் மேசையில் வேலை செய்கிறவள்தான். அன்று அவளுக்கு விடுமுறை. குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"புள்ள இங்க நெருப்பா கொதிக்குது. இவ அங்க இறாலுக்குத் தாலாட்டு பாடிட்டு ஆடி அசைஞ்சு வர்றா. இவள்லாம் ஒரு தாயா?"

மின்னல் கணவனைப் பார்த்தாள். அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவிழ்த்தான், அவிழ்த்தான், அவிழ்த்துக்கொண்டே இருந்தான். ஒரு கயிற்றை அவிழ்க்க ஒரு மனிதனுக்கு அவ்வளவு நேரமாகும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து நாத்தனாரோடு பேச்சில்லை. கணவனோடு பேச்சு உண்டு; ஆனால் "கேஸ் தீர்ந்துடுச்சு", "குழாய் ஒழுகுது" என்ற அளவுக்குத்தான். நாத்தனார் பேசியதைக்கூட அவள் ஒரு நாள் மறந்துவிடுவாள். அந்தக் கயிற்றை மறக்க முடியவில்லை. "அன்னைக்கு நான் பேசியிருக்கணும்." மூன்றே வார்த்தை. அதை அவன் வாயால் கேட்டுவிட்டால் போதும். கேட்காமல் அவன் வெளியூர் வண்டி ஏறிவிட்டால், வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிற விருந்தாளியிடம் அதை எப்போது கேட்பது? இரண்டு பேரும் பேசத் தெரியாமலேயே கிழடு தட்டிப் போவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் அவளாகவே இறங்கி வந்தாள். "சனிக்கிழமை ராத்திரி நாம ரெண்டு பேர் மட்டும் சாப்பிடலாம். பாப்பாவ கீழ விட்டுடறேன். தேன் இறால் பண்றேன்" என்று சொன்னாள். கல்யாணமான புதிதில் ஒரு ஹோட்டலில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட பண்டம் அது. மேலே தேன் மினுங்கும். நாக்கில் வைத்ததும் இனிக்கும். கடித்தால் உப்பும் காரமும் பின்னாலேயே வரும். "நாள் பூரா இறால் உரிக்கிறவளுக்கு இறால ஊட்டிவிடுற மடையன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிக்கொண்டே அவன் ஊட்டினான். அவளும் வாயைத் திறந்தாள்.

சனிக்கிழமை அரை நாளில் கிளம்பிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். கூடத்துச் சட்டம் எளிது. ஒவ்வொருத்திக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்கு இத்தனை தொட்டி. தொட்டி காலியானால் போகலாம். காலியாகாமல் போனால் அடுத்த வாரம் முழுக்க ஐஸ் ரூமில் நிற்க வேண்டும். மின்னலுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அன்று பார்த்து லாரி தாமதமாகப் பதினொரு மணிக்குத்தான் வந்தது. ஒரு மணிக்கு இரண்டு தொட்டி மிச்சமிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு சூப்பர்வைசர் அறைக்குப் போய் நின்றாள். சூப்பர்வைசர் அம்மா போனை வைப்பதாக இல்லை. முக்கால் மணி நேரம் அவளை நிற்க வைத்துவிட்டு, கடைசியில், "கல்யாண நாள் எல்லாருக்கும்தான் வருது. நாங்கல்லாம் என்ன லீவு போட்டா கொண்டாடறோம்? தொட்டிய முடிச்சிட்டு கிளம்பு" என்று விரட்டினாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினால், தொட்டி இரண்டும் காலி. எடை போடுகிறவர் அவளுடைய ட்ரேயைத் தராசிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"உன்னோடது முடிஞ்சிருச்சு. இன்னும் ஏன் நிக்கிற? கெளம்பு, கெளம்பு" என்றார். சனிக்கிழமைதோறும் ஒவ்வொருத்திக்கும் அவளவள் ட்ரேயிலிருந்தே அரைக் கிலோ வீட்டுக்குக் கொடுப்பது கூடத்து வழக்கம். அதையும் ஒரு பையில் அள்ளிக் கொடுத்தார்.

தொட்டிகளைத் தவறுதலாகப் பக்கத்து வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று மின்னல் நினைத்தாள். கேட்டால் திரும்பி வந்துவிடும். யாராவது கூப்பிடுவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்று, திருடியைப் போல வேகமாக நடந்தாள். எதிர் மேசையில் நாத்தனார் தலை நிமிரவே இல்லை. 'பாரு, கல்யாண நாள் வாழ்த்துன்னு ஒரு வார்த்தை வருதா அந்த வாயில' என்று நினைத்துக்கொண்டே கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

குழந்தையைக் கீழே விட்டபோது தையற்காரம்மா, வாயில் ஊசியை வைத்துக்கொண்டே, "விடிய விடிய வேணாலும் நான் பாத்துக்கறேன். இன்னைக்காவது ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து சாப்பிடுங்க" என்றாள்.

ஓட்டுநர் ஆறு மணிக்கு வந்தான். முடி வெட்டியிருந்தான். கையில் இரண்டு மெழுகுவர்த்தி.

"எதுக்கு? கரண்ட் போகுதாமா இன்னைக்கு?" என்றாள்.

"சும்மாதான். சினிமால எல்லாம் வைப்பாங்கல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அதை மறைக்க அடுக்களைக்குள் போனாள். பூண்டைத் தட்டினாள். எலுமிச்சையைப் பிழிந்து வைத்தாள். தேன் பாட்டிலை எடுத்தபடி எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் இழுத்துப் போட்ட சின்ன மேசையில் அவன் தட்டு வைத்துக்கொண்டிருந்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

"எதுக்குங்க மூணு தட்டு?"

அவன் திரும்பாமலே சொன்னான்: "அக்காவயும் வரச் சொல்லியிருக்கேன்."

மின்னல் தேன் பாட்டிலை மேடையில் வைத்தாள்.

"யாரை?"

"அக்காவ. ஒரு காரணமாத்தான்... அவ வரட்டும், சொல்றேன்."

"காரணமா?" என்றாள் மின்னல். குரல் உயரவில்லை. உயராத குரல்தான் அவனுக்குப் பயம். "பத்து வருஷத்துல ஒரே ஒரு நாள் கேட்டேன். உங்க கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடணும்னு கேட்டேன். அதுக்கு ஜோடி சேர்க்க அக்காவயா கூட்டிட்டு வர்றீங்க? மெழுகுவத்தி வேற! அவங்க ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் உக்காந்துக்குங்க. நான் இறாலுக்குத் தாலாட்டு பாடிக்கிட்டே பரிமாறுறேன்."

"அப்படி இல்ல, நான் சொல்ல வர்றது..."

"சொல்லாதீங்க. சொல்ல வேண்டிய அன்னைக்கு கயிறு அவுத்துக்கிட்டு இருந்தீங்க. இப்பவும் போய் எதையாவது அவுத்துக்கிட்டு இருங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அடுக்களையில் வாணலி அடுப்பில் ஏறிய வேகத்தில் சுவரில் தொங்கிய கரண்டிகள் ஆடின. தேன் இறாலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் இறாலை மிளகும் உப்பும் போட்டுப் பிரட்டி, வெண்ணெயில் சிவக்க விட வேண்டும். பூண்டு, மிளகாய்த் தூள், எலுமிச்சைச் சாறு அப்புறம். தேன் கடைசியில், தீயைக் குறைத்த பிறகுதான். அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் கோபத்துக்குத் தெரியாது. காய்ந்த வாணலியில் தேனை முதலிலேயே ஊற்றினாள். பொங்கியது, நுரைத்தது, கறுத்தது. அடுக்களை முழுக்கப் புகை.

"ஏதாவது கருகுதா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"என் வயிறு!" என்று கத்தினாள்.

வாணலியைத் தொட்டியில் போட்டுத் தேய்த்தாள். கண் எரிந்தது. புகையால் என்று சொல்லிக்கொண்டாள். வேறு வாணலியை வைத்துவிட்டு, அலசிய இறாலை மறுபடி ஒருமுறை பார்ப்போம் என்று சல்லடையை விளக்கின் கீழே இழுத்தாள். வேறு நாளாக இருந்தால் அவள் பார்க்கவேண்டிய தேவையே இருந்திருக்காது. தன் ட்ரே, தன் கை, தன் இறால். ஆனால் ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முதுகுக் கீறல் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

வலக்கைக்காரி போடும் கீறல் வலப்பக்கமாகச் சாயும். ஆயிரம் இறாலைக் கொட்டினாலும் தன் கீறலை அவள் விரல் நுனியால் சொல்லிவிடுவாள். இது அவளுடையது இல்லை. அடுத்ததை எடுத்தாள். இடது. அதற்கடுத்தது, இடது. கூடத்தில் இருநூறு பெண்கள் இருக்கிறார்கள். இடது கையில் கத்தி பிடிக்கிறவள் ஒருத்திதான்.

நாத்தனார்.

தொட்டிகள் எங்கேயும் தவறிப் போகவில்லை. சூப்பர்வைசர் அறை வாசலில் மின்னல் கால் கடுக்க நின்ற அந்த முக்கால் மணி நேரத்தில், எதிர் மேசையிலிருந்து எழுந்து வந்து, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு தொட்டியையும் முடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் தன் இடத்துக்குப் போயிருக்கிறாள். ஐஸ் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறி நாத்தனாரின் விரல் மூட்டுகள் வீங்கிப் போயிருந்தன. தன் தொட்டியை முடிக்கவே மத்தியானத்துக்கு மேல் விரலை வாயால் ஊதி ஊதித்தான் வேலை செய்வாள்.

இதைப் புரிந்துகொண்டதும் மின்னலின் கோபம் அடங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடங்கவில்லை, இரண்டு மடங்காகியது.

'யாரு கேட்டா? நான் வந்து இவங்க கால்ல விழுந்தேனா? வாயால வெட்டிட்டு கையால மருந்து போடறாங்களாக்கும். இப்ப நான் என்ன பண்ணணும்? அவங்க வந்து உக்காந்ததும் சிரிச்சிக்கிட்டே பரிமாறணும், அதானே?' என்று இறாலிடம் கேட்டாள். இறால் என்ன சொல்லும்?

நாம் வெறுக்கிறவர்கள் வெறுக்கத்தக்கபடியே நடந்துகொண்டால் எவ்வளவு வசதி! அவர்கள் திடீரென்று நல்லது செய்துவிட்டால், காலுக்குக் கீழே போட்டிருந்த பலகையை யாரோ உருவியது போல ஆகிவிடுகிறது. கடவுள் பெரும்பாலும் பலகையை உருவுகிற வேலையைத்தான் செய்கிறார். விழுகிற நேரத்தில் அவரைத் திட்டத்தான் தோன்றும்.

அவள் இறாலை வெண்ணெயில் போட்டாள். இந்த முறை தீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள், இடப்பக்கக் கீறல் விரிந்து, ஓரம் சிவந்து, சுருண்டு வந்தது. பூண்டு மணத்தது. தீயைக் குறைத்துத் தேனை விட்டாள். அது அவசரப்படாமல் பரவி, எல்லாவற்றின் மேலும் ஒட்டி மினுங்கியது. கோபம் இன்னும் இருந்தது. ஆனால் இப்போது அதற்குப் போய் உட்கார ஒரு இடம் இல்லை.

ஏழரை ஆனது. எட்டு ஆனது. மெழுகுவர்த்தி பாதியாகிவிட்டது. கதவு தட்டப்படவில்லை.

"வரமாட்டா போலிருக்கு" என்றான் ஓட்டுநர்.

"ஏன் கூப்பிட்டீங்க? இப்பவாவது சொல்லுங்க."

அவன் மூன்றாவது தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"காலைல அக்கா என் வண்டிலதான் வேலைக்கு வந்தா. இறங்கற இடத்துல வண்டிய நிறுத்திட்டு, கூட்டத்துக்கு நடுவுல சொல்லிட்டேன். 'அக்கா, அன்னைக்கு நீ பேசினது தப்பு. நான் வாய மூடிக்கிட்டு இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வா. அவ முன்னாடியும் சொல்லணும்'னு. பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க, கண்டக்டர் விசில் ஊதறான், நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

மின்னல் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அவங்க என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவா? 'அறிவுகெட்டவனே, கல்யாண நாளுக்கு எவனாவது அக்காவ கூப்பிடுவானா? வண்டிய எடுடா'ன்னுட்டு இறங்கிப் போயிட்டா. இருந்தாலும் வந்துடுவான்னு நினைச்சேன்."

"தனியா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"தனியா சொன்னா உன்ன சமாதானப்படுத்தறதுக்கு சொன்ன மாதிரி ஆயிடும். அவ எல்லார் முன்னாடியும் பேசினா. நானும் அவ முன்னாடி பேசணும்ல." அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். "அன்னைக்கு நான் பேசியிருக்கணும்."

அவள் கேட்க ஆசைப்பட்ட மூன்று வார்த்தையும் மேசை மேல் வந்துவிட்டது. கேட்டதும் மனம் குளிர்ந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் முதலில் வந்தது அழுகையும் ஆத்திரமும்தான்.

"எட்டு மாசம்!" என்று மேசையைத் தட்டினாள். "இத சொல்ல எட்டு மாசமா? நாளைக்கு மறுநாள் ஊர விட்டுப் போகும்போதா? நான் ஒருத்தி எட்டு மாசமா வெந்துக்கிட்டு இருக்கேனே, ஒரு நாளாவது தோணலையா உங்களுக்கு?"

"தோணுச்சு. தினமும் தோணுச்சு. வாய் வரல."

"வண்டி ஓட்டும்போது மட்டும் குறுக்க வர்றவன எல்லாம் அந்தக் கிழி கிழிக்கிறீங்க!"

"அவங்கல்லாம் எனக்கு யாரோ. பயம் இல்ல" என்றான் அவன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு வாணலியோடு வந்து அவன் தட்டில் நிறைய வைத்தாள். அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். கண்ணை மூடினான். பிறகு சடாரென்று தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

"என்ன?"

"முதல்ல தேனா இருக்கு. அப்புறம் காரம் பிடிச்சி வாங்குது."

"வாங்கட்டும்."

அவன் இன்னொன்றை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் கையை எடுக்கவில்லை. தேன் அவன் விரலில் வழிந்து முழங்கை வரை இறங்கிக்கொண்டிருந்தது. சட்டை பாழாகிவிடுமே என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். அப்படித்தான் அவனிடம் சொன்னாள்.

தொட்டி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. செய்தவளே சொல்லாதபோது, தான் எடுத்துச் சொல்வது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

திங்கட்கிழமை விடியுமுன் கணவனை வெளியூர் வண்டிக்கு அனுப்பிவிட்டு, மின்னல் கூடத்துக்கு நடந்தாள். வேலை தொடங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். உள்ளே ஒரே ஒரு விளக்கு எரிந்தது. ராத்திரி வந்த சரக்கு, எண் வாரியாக, ஐஸ் போட்டு மேசைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. தன் மேசையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே எதிர் மேசைக்குப் போய், நாத்தனாரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கோபம் முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. 'இவள்லாம் ஒரு தாயா' என்ற சொல் இன்னும் உள்ளே ஒரு முள்ளாகவே கிடந்தது. ஒரு நாள் அதைப் பற்றி நேருக்கு நேர் பேசித்தான் ஆகவேண்டும். அது வேறு. இது வேறு. அவள் கத்தியை எடுத்தாள். ஆளில்லாத கூடத்தில் ஓடு கழலும் சத்தமும், தொட்டிக்குள் ஐஸ் சரியும் சத்தமும்தான். ஒரு தொட்டி முடிந்தது. விரல் மரத்துப்போனது, வாயால் ஊதிக்கொண்டு இரண்டாவதை இழுத்தாள். அதுவும் முடிந்ததும், உரித்ததை நாத்தனாரின் எண் போட்ட ட்ரேயில் நிரப்பி, மேலே ஐஸைப் பரப்பி, மேசையைத் துடைத்து, ஓடுகளை வாரிக் கொட்டினாள்.

பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தாள். முன் கேட்டில் பெண்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். நடுவில் நாத்தனார், இரண்டு கையையும் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு, யாருடனோ காலை நேரத்துக் கொட்டாவியோடு பேசிக்கொண்டிருந்தாள். மின்னல் சத்தமில்லாமல் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.